கிருத்திகைக்குப் பக்கத்தில் கோள்கள் பிறக்கும் இடம்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும்போது, ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும். அந்த நேரத்தில் திரும்பிக் கிழக்கே பார்ப்பவர்கள் குறைவு. அங்கே பௌர்ணமியை ஒட்டிய நிலவு கிருத்திகையோடு எழுந்துகொண்டிருக்கும். கிருத்திகைக்குக் கிழக்கே, ரோகிணிக்குச் சற்று வடக்கே, ஏறக்குறைய 450 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கரிய மேகம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நிலவு இல்லாத இரவிலும் தெரியாது. வாயுவும் தூசும் நிறைந்த அந்த ரிஷப மேகத்துக்குள் சில மில்லியன் வயதே ஆன விண்மீன்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பலவற்றைச் சுற்றி வட்டுகள் சுழல்கின்றன. ஏஏ டவ், டிஆர் டவ், ஜிகே டவ், சிஐ டவ், எச்எல் டவ் என்று பட்டியல் பெயர்தான் அவற்றுக்கு உண்டு. கோள்கள் எதனால் ஆகின்றன என்ற கேள்விக்குக் கடந்த 20 ஆண்டுகளில் கிடைத்த விடைகளில் பல இந்த மேகத்திலிருந்து வந்தவை.

கேள்வி எளிமையானது. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியனைச் சுற்றியும் இப்படி ஒரு வட்டு இருந்தது. எடையில் 99 பங்கு வாயு, 1 பங்கு தூசு. சில மில்லியன் ஆண்டுகளில் வாயு கலைந்துபோயிற்று; எஞ்சியவை கோள்களும் நிலவுகளும் வால்மீன்களும். அந்த வட்டின் உட்பகுதியில், பூமி உருண்டுகொண்டிருந்த தொலைவில், எவ்வளவு நீர் இருந்தது, எவ்வளவு கார்பன் இருந்தது? நமக்குக் கிடைத்த கலவை பிரபஞ்சத்தில் சாதாரணமா, அரிதா? நம் வட்டு கலைந்துவிட்டதால் அதைக் கேட்க முடியாது. இப்போது சுழன்றுகொண்டிருக்கும் பிற வட்டுகளைத்தான் கேட்க வேண்டும். கேட்கும் காது அகச்சிவப்புத் தொலைநோக்கி.

ஏன் அகச்சிவப்பு? பூமி, செவ்வாய் போன்ற கோள்கள் உருவாகும் உள்வட்டின் வெப்பநிலை சில நூறு கெல்வினிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. அந்தச் சூட்டில் உள்ள பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய வீசுவதே இல்லை. 2 முதல் 30 மைக்ரான் அலைநீளத்தில் வீசுகிறது. மூலக்கூறுகள் தம் பிணைப்புகளை நீட்டியும் வளைத்தும் அதிரும்போது வெளிவிடும் ஒளியும் அதே எல்லைக்குள் விழுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு 4.7 மைக்ரான், அசிட்டிலீனுக்கு 13.7, ஹைட்ரஜன் சயனைடுக்கு 14, கார்பன் டை ஆக்சைடுக்கு 15. நீராவிக்கு 6 மைக்ரானை ஒட்டி ஒரு கூட்டம், 10-க்கு மேலே நூற்றுக்கணக்கான கோடுகள். மணல்போன்ற சிலிக்கேட் தூசுக்கு 10 மைக்ரானிலும் 18 மைக்ரானிலும் அகன்ற மேடுகள்.

சிக்கல் என்னவென்றால், வட்டில் நாம் தேடும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நம் தலைக்கு மேலேயும் இருக்கின்றன. காற்றில் உள்ள நீராவி வெளியிலிருந்து வரும் அதே அலைநீளத்தை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, காற்றும் தொலைநோக்கியும் தாமே 300 கெல்வினில் அகச்சிவப்பாக ஒளிர்கின்றன. பட்டப்பகலில் விண்மீன் தேடும் கதைதான்.

திருவண்ணாமலையிலிருந்து வடக்கே ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஏறும் ஜவ்வாது மலைத்தொடரில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், காவலூர் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் ட்ஸைஸ் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. நடத்துவது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர், இரண்டு பருவமழையின் ஈரம் தொடும் இடம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த மலை பல நல்ல வேலைகளைச் செய்திருக்கிறது. 15 மைக்ரானில் நீராவிக் கோடு எடுக்க இது ஏற்ற இடமன்று. அது காவலூரின் குறை அல்ல. காற்றுக்குள் இருக்கும் எந்த மலைக்கும் இதில் கொஞ்சம்தான் முன்னேற்றம் கிடைக்கும்.

இதையொட்டி 1977 மார்ச் 10-ஐச் சொல்லலாம். அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். அதே நிகழ்வுக்காக இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே, 12 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில், அமெரிக்காவின் கைப்பர் விமான வான்நோக்ககம் பறந்துகொண்டிருந்தது. 91 செ.மீ. தொலைநோக்கியைச் சரக்கு விமானத்தில் ஏற்றி அவ்வளவு உயரத்தில் பறக்கவிட்டதற்கு முக்கியக் காரணம்: அகச்சிவப்பைத் தின்னும் நீராவியில் பெரும்பகுதி கீழே போய்விடும். கோள் விண்மீனைத் தொடுவதற்கு முன்பே விண்மீன் ஒளி கணநேரம் மங்கியதைக் காவலூரிலும் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோள் என்று எண்ணி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விமானத்திலிருந்த ஜேம்ஸ் எலியட் குழு கோளின் இருபுறமும் மங்கல்கள் ஒத்துப்போவதைக் கண்டு, அவை வளையங்கள் என்று சொன்னது. ஜவ்வாது மலையில் விழுந்த அந்த மங்கலும் ஒரு வளையத்தின் நிழல்தான். கண்டுபிடிப்பின் பெருமை எலியட் குழுவுக்குப் போனது நியாயமே. ஆனால் யுரேனஸைச் சுற்றிய மெல்லிய வளையம் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று தமிழ்நாட்டு மலையில் எடுக்கப்பட்டது என்பதை நம் பாடநூல்கள் சொல்லாதது எனக்குப் புரியவில்லை.

விமானத்துக்கு அடுத்த படி விண்வெளி. 1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ், 57 செ.மீ. கண்ணாடியோடு பத்து மாதம் மட்டுமே வேலை செய்தது. அளவீட்டைச் சரிபார்க்க அபிஜித் விண்மீனைப் பார்த்தவர்கள், அது எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக அகச்சிவப்பில் ஒளிர்வதைக் கண்டார்கள். சுற்றிலும் குளிர்ந்த தூசு இருக்கிறது என்பது பொருள். அடுத்து 1995 முதல் 1998 வரை ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ. எச்டி 100546 என்ற இளம் விண்மீனின் வட்டில் ஃபார்ஸ்டரைட் படிகத்தை அது காட்டியது; அந்த நிறமாலை 1997-இல் நம் வானில் தெரிந்த ஹேல்-பாப் வால்மீனின் நிறமாலையை அச்சாக ஒத்திருந்தது. ஃபார்ஸ்டரைட் படிகமாக ஏறக்குறைய 1,000 கெல்வின் சூடு வேண்டும். வால்மீனோ பனிக்கட்டி. அடுப்பருகே பிறந்த படிகம் பனிக்குள் எப்படிப் போனது? வட்டுக்குள் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் பயணிக்கிறது என்பதே பதில். பின்னர் வந்த எல்லாக் கதைக்கும் இதுதான் வேர்.

ஐராஸும் ஐஎஸ்ஓவும் பெரும்பாலும் தூசைத்தான் படித்தன. வாயுவைப் படிக்கத் தொடங்கியது ஸ்பிட்சர். 2003 ஆகஸ்டில் ஏவப்பட்டது, 85 செ.மீ. கண்ணாடி, திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்டது. 2009-இல் ஹீலியம் தீர்ந்த பிறகும் பாதிப் பார்வையோடு 2020 ஜனவரி வரை உழைத்தது. 2008-இல் ஜான் கார், ஜோன் நஜிட்டா இருவரும் ஏஏ டவ் வட்டின் நிறமாலையை வெளியிட்டார்கள். 10 மைக்ரானுக்கு மேலே கோடுகள் புல்வெளிபோல அடர்ந்திருந்தன. இரைச்சல் என்று தள்ளிவிடக்கூடிய அந்தப் புல் முழுவதும் நீராவி. நடுவே ஹைட்ரஜன் சயனைடும் அசிட்டிலீனும் கார்பன் டை ஆக்சைடும். பூமி போன்ற கோள்கள் உருவாகும் தொலைவில் நீரும் எளிய கரிமச் சேர்மங்களும் ஆவியாகவே கிடைக்கின்றன என்று நேரில் பார்த்தது அப்போதுதான். பிறகு டஜன் கணக்கில் வட்டுகள் வந்தன. இலாரியா பஸ்குச்சி குழு 2009-இல் ஒரு வேறுபாட்டைக் குறித்தது: சூரியனைப் போன்ற விண்மீன்களைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன்களின் வட்டுகளில் அசிட்டிலீனோடு ஒப்பிட்டால் சயனைடு குறைவு. அன்று அது அடிக்குறிப்பு அளவு செய்தி. இன்று துறையின் நடுக் கேள்வி.

2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 6.5 மீட்டர் கண்ணாடியோடு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் மிரி கருவி 7 கெல்வினுக்கும் கீழே, அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்டிருக்கிறது. 5 முதல் 28 மைக்ரான் வரை ஸ்பிட்சரைவிட நாலைந்து மடங்கு நுட்பமாக நிறமாலையைப் பிரிக்கும். ஸ்பிட்சரில் ஒட்டிக்கொண்டிருந்த புல்வெளி இதில் தனித்தனிக் கோடுகளாக நிற்கிறது. எந்தக் கோடு எவ்வளவு சூடான ஆவியிலிருந்து வருகிறது என்றுகூடப் பிரிக்க முடிகிறது.

முதல் மூன்று ஆண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஜிடபிள்யூ லுப் வட்டில் (சியரா கிராண்ட் குழு, 2023) 15 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடு ஊசிபோல் எழுகிறது, நீர் மங்கல். அதன் பக்கத்திலேயே 15.4 மைக்ரானில் கார்பன்-13 கொண்ட அதன் உறவுக்காரக் கோடும் தெரிந்தது. சாதாரணக் கோடு மேற்பரப்போடு நின்றுவிட, இந்த அரிய கோடு சற்று ஆழத்திலிருந்து சேதி கொண்டுவருகிறது. விருச்சிகத்தை ஒட்டிய பகுதியில் சூரியனின் 14 சதவீத எடையே உள்ள ஒரு குட்டி விண்மீனின் வட்டில் (பெனுவா தபோன் குழு, 2023) கதை தலைகீழ். 7.7 மைக்ரானிலும் 13.7 மைக்ரானிலும் இரண்டு பெரிய மேடுகள். ஒவ்வொன்றும் எண்ணற்ற அசிட்டிலீன் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மலையாகிவிட்டவை. கூடவே பென்சீன், டைஅசிட்டிலீன். நீர் சொல்லும்படி இல்லை. அடுத்த ஆண்டு ஆதித்ய அரபாவி குழு 'சயின்ஸ்' இதழில் ஐஎஸ்ஓ-சாய் 147 என்ற, சூரியனின் 11 சதவீத எடை கொண்ட விண்மீனைக் காட்டியது. கார்பன் கொண்ட 13 மூலக்கூறுகள். ஈத்தேன் சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதன்முறையாக அங்கேதான் கிடைத்தது. எத்திலீனும் புரோப்பைனும் மீத்தைல் உறுப்பும் வட்டு ஒன்றில் முதன்முறை.

அசிட்டிலீன், பிறகு பென்சீன், பிறகு பல வளையங்கள் கோத்த பெரிய ஹைட்ரோகார்பன்கள்: வேதியியல் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. நெய்த்தீபம் புகைவது இதே வழியில்தான். ஆக்சிஜன் எட்டாத இடத்தில் கார்பன் அசிட்டிலீனாகி, பென்சீன் வளையமாகி, வளையங்கள் அடுக்கி, கடைசியில் கரியாகப் படிகிறது. அண்ணாமலை உச்சியில் பதினொரு நாள் எரிந்த கொப்பரையில் படியும் தீப மையை ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குத் தருகிறார்கள். அந்த மையின் முன்னோர்கள்தான் ஐஎஸ்ஓ-சாய் 147 வட்டில் ஆவியாக மிதக்கின்றன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் கார்பன் அதைக் கட்டிக்கொண்டு மோனாக்சைடும் டை ஆக்சைடும் ஆகிவிடும், மிச்ச ஆக்சிஜன் நீராகும். ஆக்சிஜன் தட்டினால் கார்பன் தன்னோடு தானே கைகோக்கும். ஆக, ஒரு வட்டு நீர்ப் பக்கமா கரிப் பக்கமா என்பதைத் தீர்ப்பது கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம். அது 1-ஐத் தாண்டும்போது ஆட்டம் மாறுகிறது. சூரியனில் அது பாதியை ஒட்டியது.

ஒரே மேகத்துப் பொருளில் பிறந்த விண்மீன்களுக்கு ஏன் வெவ்வேறு விகிதம்? இங்கேதான் பனிக்கோடு வருகிறது. விண்மீனிலிருந்து ஒரு தொலைவுக்கு அப்பால், வெப்பநிலை 150 கெல்வினை ஒட்டி இறங்கும் இடத்தில், நீர் பனியாகத் தூசின்மேல் படிகிறது. இன்னும் வெளியே கார்பன் டை ஆக்சைடு உறைகிறது. இன்னும் தள்ளி, 20 சொச்சம் கெல்வினில், மோனாக்சைடு. தூசுத் துகள்கள் ஒட்டிக் கூழாங்கல் அளவுக்கு வளர்ந்ததும் வாயுவின் எதிர்ப்பில் வேகமிழந்து உள்ளே சறுக்கத் தொடங்குகின்றன. பனிக்கோட்டைத் தாண்டியதும் போர்த்தியிருந்த பனி ஆவியாகிறது. அதாவது வெளிவட்டிலிருந்து உள்வட்டுக்கு ஆக்சிஜனைச் சுமந்துவரும் வண்டி இந்தக் கற்கள்.

இது கணினிக் கதையாகவே இருந்துவந்தது. 2023-இல் ஆண்ட்ரியா பன்சாட்டி குழு ரிஷப மேகத்திலிருந்தே நான்கு வட்டுகளை எடுத்தது. ஜிகே டவ், எச்பி டவ் இரண்டும் சிறிய, இடைவெளியற்ற வட்டுகள். ஐக்யூ டவ், சிஐ டவ் இரண்டும் பெரியவை, வளையமும் இடைவெளியுமாக உள்ளவை. வளையங்கள் கற்களை வழியில் பிடித்து நிறுத்திவிடும். அப்படியானால் சிறிய வட்டுகளின் பனிக்கோட்டருகே குளிர்ந்த நீராவி கூடுதலாக இருக்க வேண்டும். இருந்தது. 170 முதல் 400 கெல்வின் வரையிலான ஆவியின் கோடுகள் இரண்டு சிறிய வட்டுகளில் மட்டும் தூக்கலாக நின்றன. நாலே வட்டு, இருந்தும் இந்தத் துறையில் நான் படித்த சோதனைகளில் இவ்வளவு சுத்தமாகக் கேட்டு இவ்வளவு சுத்தமாகப் பதில் வாங்கியது வேறில்லை.

குட்டி விண்மீன்களின் கரிமயமும் இதே கதையில் அடங்குகிறது என்பார்கள். அவற்றின் வட்டு சிறிது, சறுக்கல் வேகம். பனி சுமந்த கற்கள் முதலிலேயே வந்து ஆவியாகி விண்மீனுக்குள் விழுந்துவிட, பிறகு கார்பன் மிகுந்த வாயு வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடிக்கிறது. 3 கோடி ஆண்டு கடந்தும் கலையாமல் நிற்கும் ஒரு வட்டில் ஃபெங் லாங் குழு 2025-இல் ஹைட்ரோகார்பன் மிகுதியைக் கண்டது இதற்கு வலுச்சேர்க்கிறது. கார்பன் மிகுந்த தூசே சூட்டில் சிதைந்து ஆவியாகிறது என்று இன்னொரு கட்சி. இரண்டும் ஒருசேர நடக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் கற்களின் தலையில் கட்டும் பழக்கம் இப்போது கட்டுரைகளில் பெருகிவருகிறது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. எஸ்இசட் 114 சூரியனின் 16 சதவீத எடையே கொண்ட விண்மீன். விதிப்படி கரியாக இருக்க வேண்டியது நீரோடு இருக்கிறது. இன்னும் கடினமானது பிடிஎஸ் 70. 370 ஒளியாண்டுத் தொலைவு. இரண்டு பெரிய கோள்கள் வட்டில் அகன்ற இடைவெளியை வெட்டியிருப்பதைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கற்களுக்கு இதைவிடப் பெரிய அணை கிடையாது. அப்படியிருந்தும் 2023-இல் ஜூலியா பெரோத்தி குழு அதன் உள்வட்டில் சூடான நீராவியைக் கண்டது. அணையைத் தாண்டி நுண்தூசு கசிகிறதா? அல்லது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சூட்டில் சேர்ந்து நீர் அங்கேயே உருவாகிறதா? இரண்டாவது வழி சில நூறு கெல்வினில் வேகமாக நடக்கக்கூடியது. அப்படியென்றால் வெளியிலிருந்து பனி வராத வட்டிலும் பாறைக் கோளுக்கு நீர் கிடைக்கலாம். 

செய்தித்தாள்கள் இவற்றைச் சொல்லும் விதம் வேறு. 'பூமிபோல் நீர் கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போடுவார்கள். மிரி பார்ப்பது வட்டின் தோலை. 15 மைக்ரானில் தூசு ஒளிபுகாதது. கோள்கள் திரளும் நடுத்தளம் அதற்குக் கீழே மறைந்திருக்கிறது. மேல்தோலில் அசிட்டிலீன் என்றால் அடியில் கல்லில் கார்பன் அதிகமா குறைவா என்று நேரடியாகச் சொல்ல முடியாது. நைட்ரஜன் மூலக்கூறும் ஆக்சிஜன் மூலக்கூறும் சமச்சீரானவை; அகச்சிவப்பில் ஏறக்குறைய ஊமைகள். நம் காற்றின் பெரும்பங்கான பொருளைப் பற்றி இந்தத் தொலைநோக்கி நேரே ஒன்றும் சொல்லாது. பூமியின் எடையில் கடல் 0.02 சதவீதம்தான் என்பதையும் நினைவில் வைக்கலாம். நீர் நிறைந்த வட்டில் வறண்ட கோள் பிறப்பது விந்தையல்ல.

இந்தியாவில் இந்த வேலை எங்கே நடக்கிறது? காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலிருந்து பி. மனோஜ், எச்.சி. பட் குழுவினர் 2006-இல் 45 ஹெர்பிக் விண்மீன்களின் கண்ணுறு நிறமாலையை வெளியிட்டார்கள். சூரியனைவிடப் பெரிய இளம் விண்மீன்கள் இவை. வட்டிலிருந்து பொருள் விண்மீன்மேல் விழும்போது 6,563 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வு வயதேற ஏறத் தணிந்து 30 லட்சம் ஆண்டு வாக்கில் வெகுவாக அடங்குகிறது என்றும், உள்வட்டின் அகச்சிவப்போடு அது கைகோத்துப் போகிறது என்றும் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி விண்வெளித் தொலைநோக்கிக்கு எப்படித் துணைபோகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு: வட்டை யார் சூடாக்குகிறார்கள் என்று தெரியாமல் அதன் வேதியியலைப் படிக்க முடியாது. மனோஜ் பின்னர் ஸ்பிட்சர் குழுவில் சேர்ந்து 2011-இல் கெமிலியான்-1 மேகத்தின் இளம் விண்மீன்களின் பெரிய தொகுப்பை வெளியிட்டார். இப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார். ஐஎஸ்ஓ-சாய் 147 அந்த மேகத்தின் பிள்ளைதான்.

அந்த மேகம் தென்துருவத்துக்கு வெகு பக்கம். திருவண்ணாமலை அட்சரேகையில் அது அடிவானத்தை ஒரு டிகிரிகூட விட்டு எழாது. அதே திசையில் இன்னும் தெற்கே உள்ள டி கெமிலியாண்டிஸ் அங்கே உதிப்பதே இல்லை. அந்த விண்மீனில்தான் அரிசோனா பல்கலைக்கழகத்தின் நமன் பஜாஜ் குழு 2024-இல் வெப் வழியாக நியானையும் ஆர்கானையும் கண்டு, நியான் காற்றாக வட்டைவிட்டு வீசுவதைப் படம்போல் பிரித்துக் காட்டியது. வட்டு எப்படிக் கலைகிறது என்பதன் நேரடிக் காட்சி அது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அருண் ராய் தலைமையிலான குழு அதே விண்மீனின் வெப் தரவைப் பழைய ஸ்பிட்சர் தரவோடு ஒப்பிட்டு, தீபப்புகையில் சொன்ன அந்தப் பல்வளைய ஹைட்ரோகார்பன்களின் மெல்லிய சாயலைப் பிடித்தது. உள்வட்டின் சுவர் ஓரளவு சரிந்ததால், நிழலில் கிடந்த வெளிப்பகுதியில் புறஊதா ஒளி விழுந்து அவை பளிச்சிட்டன என்பது அவர்கள் விளக்கம்.

திருவண்ணாமலையில் ஒருபோதும் உதிக்காத விண்மீனைப் பெங்களூரில் மேசைமுன் அமர்ந்து படிக்க முடிகிறது என்றால், தரவு அதிகபட்சம் ஓராண்டில் பொதுவாகிவிடுவதால்தான். ஸ்பிட்சரின் மொத்தக் களஞ்சியமும் திறந்து கிடக்கிறது. தொலைநோக்கி நேரத்துக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பிடுபவருக்கு விண்ணப்பித்தவர் பெயர் தெரியாது. போட்டி மட்டும் கடுமை: வெப்பின் நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள், இருந்த நேரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கேட்டார்கள். பழைய தரவைத் தோண்டுவதை இரண்டாந்தர வேலையாக நம் கல்லூரிகள் நினைக்கக் கூடாது.

இதுவரை ஆவி பற்றியே பேசினோம். கல் எப்போது பிறக்கிறது? 2025-இல் மெலிசா மெக்ளூர் குழு ஓரியன் பகுதியில் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹாப்ஸ்-315 என்ற குழந்தை விண்மீனில் சிலிக்கன் மோனாக்சைடு ஆவியையும் சிலிக்கேட் படிகத்தையும் ஒன்றாகக் கண்டது. ஆவி உறைந்து முதல் கனிமம் படிகிற கட்டம். நம் சூரியக் குடும்பத்தில் அந்தக் கட்டத்தின் எச்சம் விண்கற்களில் வெண்புள்ளிகளாக இருக்கிறது. வயது 456 கோடியே 70 லட்சம் ஆண்டு. வட தமிழகத்தில் பரவலாக உள்ள சார்னோகைட் பாறையை உடைத்துப் பார்த்தால் மின்னும் கரும்பழுப்புப் பைராக்சீன், வட்டுகளின் நிறமாலையில் 10 மைக்ரான் மேட்டுக்குள் ஒளிந்திருக்கும் என்ஸ்டடைட்டின் இனம்தான். நடுவே உருகி, உறைந்து, புதைந்து, மேலேறி எத்தனையோ பிறவி எடுத்துவிட்டது என்பது வேறு.

இவ்வளவுக்கும் பிறகு அடிப்படைக் கணக்கு ஒன்று பாக்கி. நீர் எவ்வளவு என்று சொல்ல, மொத்த வாயு எவ்வளவு என்று தெரிய வேண்டும். வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன் மூலக்கூறு; அதுவும் குளிரில் ஊமை. அதன் கனமான சகோதரன், டியூட்டிரியம் கலந்த ஹைட்ரஜன், 112 மைக்ரானில் பேசும். வெப்பின் பார்வை 28 மைக்ரானோடு முடிகிறது. 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் தொலைநோக்கி அந்தக் கோட்டை மூன்றே வட்டுகளில் பிடித்துக்கொடுத்தது: டிடபிள்யூ ஹைட்ரே, டிஎம் டவ், ஜிஎம் அவ்ர். டிடபிள்யூ ஹைட்ரேயில் கிடைத்த எடை, அதுவரை மோனாக்சைடை வைத்துப் போட்ட கணக்குகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. மற்ற எல்லா வட்டுகளுக்கும் இன்று நாம் சொல்வது ஒன்றுக்கொன்று விகிதம் மட்டுமே. 112 மைக்ரானுக்குத் திரும்பப் போகக்கூடிய 1.8 மீட்டர் குளிர்த் தொலைநோக்கித் திட்டமான ப்ரிமா, 2024 அக்டோபரில் நாசா மேலாய்வுக்குத் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று. மற்றது எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி. இரண்டில் ஒன்றுதான் பறக்கும், அதுவும் 2032-ஐ ஒட்டித்தான்.